வாடிக்கையாளர் கொடுத்த சேலையில் கத்தரி தவறிவிட்டால்..? தைப்பவர் செய்ய வேண்டியது என்ன, சட்டம் சொல்வது என்ன?

கூலிக்குத் தைப்பவர்களிடம் இரண்டு வகைத் துணி இருக்கும். ஒன்று, அவர்களே கடையில் வாங்கியது. கெட்டுப்போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். இன்னொன்று, வாடிக்கையாளர் கொடுத்தது. அம்மாவின் கூறைப்புடவை, மறைந்த பாட்டியின் சுங்குடிச் சேலை போன்றவற்றைக் கொடுத்து, ‘இதை வெட்டி குவில்ட் போர்வையா தைச்சுக் கொடுங்க’ என்று கேட்பவர்கள் இப்போது உண்டு. இதில் ஒரு கட்டம் தப்பாக வெட்டுப்பட்டால், அதே சேலையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ, சிதம்பரம் தேர் வீதிகளிலோ ஒரு தையல் மெஷினும் ஒரு இன்ஸ்டாகிராம் பக்கமும் இருந்தாலே வெளியூர் ஆர்டர் எடுக்கலாம். ஆனால், தவறு நடந்தால் என்ன செய்வது என்பதைப் பலரும் தவறு நடந்த பிறகுதான் யோசிக்கிறார்கள்.

முதலில், கையை நிறுத்துங்கள்

பதற்றத்தில் உடனே தையலைப் பிரிப்பதுதான் பல நேரம் இரண்டாவது தவறாகிவிடுகிறது. பருத்தித் துணி என்றால் தையலைப் பிரித்து, லேசாகத் தண்ணீர் தெளித்து நீவிவிட்டால் ஊசித் துளைகள் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். பட்டில் அப்படி மூடாது, துளை தெரியும். ஜரிகை அறுந்தால் ஒட்டாது.

தண்ணீரில் போகும் மார்க்கிங் பேனாக் கோட்டின் மேல் இஸ்திரிப் பெட்டி பட்டால், கோடு கறையாக நின்றுவிடலாம். ஒரு சேலையின் சாயம் பக்கத்துத் துணியில் இறங்கிவிட்டால், ஈரம் காய்வதற்குள் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். சூடு காட்டினால் கறை பிடித்துக்கொள்ளும்.

எனவே, முதலில் ஒரு போட்டோ எடுங்கள். பிறகு, இது எந்த வகைத் தவறு என்று பாருங்கள்.

மூன்று வகைத் தவறுகள்

1. பிரித்துத் திரும்பத் தைத்தால் சரியாகிவிடுவது. உதாரணம், மேல் துணி, பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்று அடுக்குகளும் நகர்ந்து அடிப்பக்கம் சுருக்கம் விழுவது. இதைச் செலவு கேட்காமல் சரிசெய்ய வேண்டும். டெலிவரி தேதி தள்ளிப்போகும் என்றால் மட்டும் சொன்னால் போதும்.

2. சரிசெய்தாலும் அடையாளம் தெரிவது. பட்டில் ஊசித் துளை, வண்ணம் மாறிய ஒட்டு போன்றவை. இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

3. துணியே போய்விட்டது. தப்பான வெட்டு, இஸ்திரிச் சூடு. இங்கே அடுத்து என்ன செய்வது என்ற முடிவு துணிக்குச் சொந்தக்காரருடையது.

எப்படிச் சொல்வது?

அன்றைக்கே சொல்ல வேண்டும். ‘மெஷின் ரிப்பேர்’, ‘கரண்ட் இல்ல’ என்று நாளைத் தள்ளினால், உண்மை தெரியும்போது தவறோடு பொய்யும் சேர்ந்துகொள்ளும். வாட்ஸ்ஆப்பில் இப்படி எழுதலாம்:

“அக்கா, வணக்கம். நீங்க கொடுத்த பச்சைச் சேலையில ரெண்டாவது வரிசை வெட்டும்போது ஒரு இன்ச் குறைஞ்சுடுச்சு. என் தப்புதான். போட்டோ அனுப்பியிருக்கேன். முந்தானையில மிச்சம் இருக்குற துணியை வச்சு அந்தக் கட்டத்தை மாத்தித் தரலாம். இல்லன்னா அந்த வரிசையை விட்டுட்டுப் போர்வையைக் கொஞ்சம் சின்னதா முடிச்சு, கூலியையும் குறைச்சுக்கிறேன். நீங்க சொல்ற வரைக்கும் கத்தரி வைக்க மாட்டேன்.”

என்ன நடந்தது, யார் தவறு, என்னென்ன வழிகள் என எல்லாம் இதில் இருக்கிறது. முடிவு மட்டும் அவர் கையில். பேச்சு போனிலேயே முடிந்தாலும், ஒப்புக்கொண்டதை ஒரு மெசேஜாக அனுப்பிவைப்பது இருவருக்கும் பாதுகாப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

தைக்கக் கொடுத்த துணி, வேலை முடியும்வரை தைப்பவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் மட்டுமே. சொந்தம் மாறுவதில்லை. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவின்படி, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அப்படி இதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கவனம் இருந்தும் சேதம் நடந்தால், தனி ஒப்பந்தம் இல்லாதவரை அவர் பொறுப்பல்ல என்கிறது 152-வது பிரிவு.

கடலூர்க்காரர்களுக்கு இது முக்கியம். 2011 தானே புயலும் 2024 ஃபெஞ்சல் புயல் மழையும் பார்த்த ஊர் இது. எதிர்பாராத வெள்ளத்தில் துணி போவது வேறு. எச்சரிக்கை வந்த பிறகும் தரையிலேயே மூட்டையாகப் போட்டு வைத்திருந்தது வேறு.

‘மீதிப் பணம் கொடுத்தால்தான் துணி’ என்று பிடித்து வைக்கலாமா? ஒப்புக்கொண்டபடி வேலையை முடித்தவருக்கு அந்த உரிமையை 170-வது பிரிவு தருகிறது. அந்தப் பிரிவே ஒரு தையல்காரரைத்தான் உதாரணம் காட்டுகிறது: கோட்டு தைத்துக் கொடுத்து, கூலிக்கு மூன்று மாதம் தவணையும் தருவதாகச் சொன்னவர், கூலிக்காகக் கோட்டைப் பிடித்து வைக்க முடியாது. வேலையைக் கெடுத்துவிட்டு முழுக் கூலிக்காகத் துணியை வைத்துக்கொள்வதும் இந்தப் பிரிவுக்குள் வராது.

நுகர்வோர் ஆணையம் வரை போனால்?

காசு வாங்கிக்கொண்டு தைப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி ஒரு சேவை. அதில் குறை இருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். சிதம்பரத்தில் இருப்பவரும் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தைத்தான் அணுக வேண்டும். கொடுத்த தொகை ₹5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. அதற்கு முன், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பேசிப் பார்க்கலாம்.

ஆன்லைனில் ஆர்டர் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது: புகார்தாரர் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பெங்களூரு வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லக் கடலூரிலிருந்து பெங்களூரு போக வேண்டி வரலாம். பில் கொடுக்காமல் இருப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைதான்.

அகமதாபாத் வழக்கு ஒன்று 2025-ல் செய்தியானது. 2024 டிசம்பர் 24-ல் நடந்த உறவினர் கல்யாணத்துக்காக ஒரு பெண் ₹4,395 முன்கூட்டியே கொடுத்து பிளவுஸ் தைக்கச் சொன்னார். தைத்தது அவர் கேட்டபடி இல்லை. சரிசெய்து தருவதாகத் தையல்காரர் சொன்னார். கல்யாண நாள் வரை பிளவுஸ் வரவே இல்லை. தொகையை 7% வட்டியோடு திருப்பித் தரவும், இழப்பீடு கொடுக்கவும் ஆணையம் உத்தரவிட்டது. தைத்ததில் நடந்த தவறைச் சொன்ன தேதிக்குள் திருத்தியிருந்தால், வழக்குக்கே வேலை இருந்திருக்காது.

வாடிக்கையாளர் பங்கு

சேலை ஏற்கெனவே இற்றுப்போயிருந்தால், சாயம் போகும் என்று தெரிந்திருந்தால், கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். தவறைத் தானாக முன்வந்து சொன்னவருக்குச் சரிசெய்ய ஒரு வாய்ப்புக் கொடுத்த பிறகு ரிவ்யூ எழுதுவது நியாயம்.

ஆர்டர் எடுக்கும்போதே...

துணியை விரித்து இருபுறமும் போட்டோ எடுங்கள். கிழிசல், கறை இருந்தால் அப்போதே காட்டுங்கள். ஓரத்தில் சிறு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்தால் சாயம் இறங்குமா என்பது தெரிந்துவிடும். அளவு, கூலி, தேதி, தவறு நடந்தால் என்ன செய்வது என்ற நான்கையும் ஒரே மெசேஜில் எழுதி, ‘சரி’ என்ற பதில் வந்த பிறகு கத்தரியை எடுங்கள். மிச்சம் விழும் துண்டுகளை, போர்வை டெலிவரி ஆகும்வரை தூக்கிப் போட வேண்டாம். ஒரு கட்டம் தப்பினால் ஒட்டுப்போட அந்தச் சேலையின் துணி வேறெங்கும் கிடைக்காது.