சூடு உள்ளே, நெருப்பு வெளியே

நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது தாமன் என்ற மலையூர். 2020 ஜனவரியில் போக்ராவைப் பார்த்துவிட்டு வந்த கேரளச் சுற்றுலாக் குழு ஒன்று அங்கே ஒரு விடுதியில் இரவு தங்கியது. கடுங்குளிர். குழுவில் எட்டுப் பேர் ஒரே அறையில் படுத்தார்கள். அறையைச் சூடாக்க கேஸ் ஹீட்டர் எரிந்தது. கதவும் ஜன்னலும் உள்ளிருந்து தாழிட்டிருந்தன. காலையில் எட்டுப் பேரும் நினைவின்றிக் கிடந்தார்கள். ஹெலிகாப்டரில் காட்மாண்டுக்குக் கொண்டுபோயும் ஒருவரையும் காப்பாற்ற முடியவில்லை. இறந்தவர்களில் நால்வர் குழந்தைகள். இப்படியொரு செய்தியைப் படித்ததும், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கக் கூடாதா என்றுதான் மனம் அடித்துக்கொள்கிறது. ஆனால் அந்த ஆதங்கம் இறந்தவர்கள் மேலேயே பழியைப் போடுகிறது. ஓரிரவு தங்க வந்தவருக்கு ஹீட்டரைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. படுக்கையறைக்குள் நெருப்பு வராமல் பார்த்துக்கொள்வது இடத்தை வாடகைக்கு விடுபவரின் வேலை.

சிலிண்டர் கேஸ் எரியும்போது நடப்பதைப் பார்த்தால் இது புரியும். அறைகளில் உருட்டிவைக்கும் ஹீட்டர், முழு வேகத்தில், மணிக்குச் சுமார் 300 கிராம் கேஸை எரிக்கும். அதற்கு ஒரு கிலோவுக்கும் அதிகமான ஆக்சிஜன் வேண்டும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறையில், காற்று அறவே புகாவிட்டால், ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கூடவே அரை லிட்டர் தண்ணீருக்குச் சமமான நீராவியும் மணிக்கு மணி அறையில் சேரும். ஜன்னல் கண்ணாடி வியர்ப்பதும் சுவர் மூலைகளில் பூஞ்சை பிடிப்பதும் இதனால்தான். ஆக்சிஜன் குறையக் குறைய நெருப்பு சரியாக எரியாது. கார்பன் டை ஆக்சைடாக மாற வேண்டியதில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடாக நின்றுவிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரிச்சலும் தராது. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு இதைப் பற்றிக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலியும் வாந்தியும் வரும். தூங்குகிறவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடைக்காது.

ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னால் போதாதா என்று விடுதிக்காரர்கள் கேட்கலாம். போதாது. குளிருக்காகத்தான் ஹீட்டர் கேட்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் சூடு வெளியேறும், பனிக்காற்று முகத்தில் அடிக்கும், இரவு இரண்டு மணிக்குக் குழந்தை இருமும், யாராவது எழுந்து சாத்துவார்கள். தங்க வந்தவர் தூக்கக் கலக்கத்திலும் மறக்காமல் குளிரைத் தாங்கினால்தான் உயிர் பிழைப்பார் என்றால், அதைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று சொல்ல முடியாது. ஆக்சிஜன் 18 சதவீதத்தை நெருங்கும்போது தானே அணையும் சென்சார் கொண்ட ஹீட்டர்களும் உண்டு, உண்மைதான். ஆனால் அந்த சென்சார் அளப்பது ஆக்சிஜனை. கார்பன் மோனாக்சைடை அல்ல. பர்னரில் தூசி அடைத்திருந்தால், ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போதே நச்சு வாயு உருவாகும். திறந்தவெளி உணவகங்களில் நிறுத்தும் குடை வடிவ ஹீட்டரோ மூடிய அறைக்காகச் செய்யப்பட்டதே அல்ல.

மலையூர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும். ஒவ்வொரு கன மீட்டர் காற்றிலும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைவு. சமவெளிக்காகத் துளை அளந்து செய்த பர்னரை அப்படியே மலையில் மாட்டினால், கேஸ் அதிகமாகவும் காற்று குறைவாகவும் போய், நீலமாக எரிய வேண்டிய நெருப்பு மஞ்சளாகும். பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் சமையலறையில் உடனே தெரிந்துவிடும். படுக்கையறை ஹீட்டரை அப்படிக் கவனித்துப் பார்க்க ஆளில்லை.

பொறுப்பு உரிமையாளருடையது என்பதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது பிரிட்டன். அங்கே 1998ஆம் ஆண்டின் கேஸ் பாதுகாப்பு விதிகள் விடுமுறைக் குடில்களுக்கும் பொருந்தும். தெருக்குழாயில் வரும் கேஸ், சிலிண்டர் கேஸ் என்ற வேறுபாடு கிடையாது. பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பதிவு பெற்ற பொறியாளர் ஒவ்வொரு கேஸ் சாதனத்தையும் சோதித்துச் சான்று தர வேண்டும். நீண்ட கால வாடகைதாரருக்கு அந்தச் சான்றின் நகலைக் கையில் கொடுக்க வேண்டும்; 28 நாட்களுக்கு மேற்படாமல் தங்குபவருக்கு, வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வைத்தால் போதும். ஓரிரவு விருந்தாளி சான்றைக் கேட்டு வாங்க மாட்டார் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் உணர்ந்திருந்தார்கள். அவர் கேட்காவிட்டாலும் அது சுவரில் இருக்கும்.

சாதனத்தை வெளியே வைத்துவிட்டால் மட்டும் கவலை தீர்ந்துவிடாது. 2006 அக்டோபரில் கிரேக்கத் தீவான கோர்ஃபுவில், விடுதிக் குடிலில் தங்கியிருந்த இரண்டு பிரிட்டிஷ் குழந்தைகள் இறந்தார்கள். வெந்நீர்க் கொதிகலன் அவர்கள் அறையில் இல்லை. குடிலை ஒட்டிய சிறு கட்டடத்தில் இருந்தது. ஆபத்து வந்தால் அதை நிறுத்த வேண்டிய பாதுகாப்புக் கருவி வேலை செய்யாதபடி ஒயர் மாற்றப்பட்டிருந்தது, ஏ.சி. குழாய்க்காகச் சுவரில் போட்ட ஓட்டை அடைக்கப்படாமல் கிடந்தது. புகை அதன் வழியே உள்ளே வந்தது. விடுதி மேலாளர் உட்பட மூவரைக் கிரேக்க நீதிமன்றம் 2010இல் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவ்வப்போது யாரோ வந்து செய்த சில்லறை ரிப்பேர்கள் சேர்ந்து இரண்டு உயிர்களை எடுத்தன. ஆண்டுச் சோதனை சம்பிரதாயமல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? சிலிண்டர்கள் வெளியே, காற்றோட்டமுள்ள கம்பிக்கூண்டுக்குள், செங்குத்தாக நிற்க வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவிப் பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். எனவே கூண்டுக்கு அருகில் பள்ளமோ தாழ்வான ஜன்னலோ கூடாது. இரண்டு சிலிண்டர்களை இணைத்து, ஒன்று தீர்ந்ததும் அடுத்ததற்குத் தானே மாறும் வால்வு பொருத்திவிட்டால், நள்ளிரவில் விருந்தாளி ரெகுலேட்டரைக் கழற்ற வேண்டிய நிலையே வராது. கடுங்குளிரில் கேஸ் மந்தமாக வரும். சிலிண்டரில் இருக்கும் பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி ஆவியாவதை நிறுத்திவிடும். புரோப்பேனுக்கு அந்த எல்லை மைனஸ் 42. அழுத்தம் குறைந்ததும் சிலிண்டரைப் படுக்கப்போடுவதும் அறைக்குள் தூக்கி வருவதும் பலர் செய்வது. படுக்கப்போட்டால் திரவமே ரெகுலேட்டருக்குள் பாய்ந்து, பர்னரில் நெருப்பு ஆளுயரம் எழலாம். விருந்தாளி மாறும் ஒவ்வொரு முறையும் டியூபைத் தடவிப் பார்த்து, இணைப்பில் சோப்பு நீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பது, படுக்கை விரிப்பு மாற்றுவது போலவே பராமரிப்பாளரின் வேலையாக வேண்டும்.

மலையில் மின்சாரத்தை நம்ப முடியாது, கேஸை விட்டால் வேறு வழி ஏது என்பது வலுவான கேள்வி. உதறித் தள்ளக் கூடாது. நான் கேஸையே விலக்கச் சொல்லவில்லை. வெளிக்காற்றைக் குழாய் வழியே இழுத்து, மூடிய பெட்டிக்குள் எரித்து, புகையைக் குழாய் வழியே வெளியே தள்ளும் ஹீட்டர்கள் இருக்கின்றன. அறையின் காற்றை அவை தொடுவதே இல்லை. விலை அதிகம்தான். அது முடியாத சிறு ஹோம்ஸ்டேக்காரர், கதவிடுக்கை அடைத்து, கனமான கம்பளிகளும் வெந்நீர்ப் பைகளும் கொடுத்து, மின்சாரம் இருக்கும்போது ஆயில் ஹீட்டரால் அறையைச் சூடேற்றலாம். அதற்கும் மேல் குளிர்ந்தால் விருந்தாளி சற்று முணுமுணுப்பார். அந்த முணுமுணுப்பைத் தாங்கிக்கொண்டு, ‘ரூமுக்குள்ள ஹீட்டர் தர முடியாதுங்க’ என்று சொல்லும் துணிவும் விடுதித் தொழிலில் அடக்கம். குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசருக்கும் இதே விதிதான்: கீசர் வெளிச்சுவரில், வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே.

அலாரம் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதையும் முழுதாக ஏற்க முடியவில்லை. கட்டாயம் வைக்க வேண்டும். ஆனால் கேஸ் கசிவைக் காட்டுவது வேறு கருவி, கார்பன் மோனாக்சைடைக் காட்டுவது வேறு கருவி. முன்னது தரையை ஒட்டி இருக்க வேண்டும். பின்னது படுத்திருப்பவர் மூச்சு விடும் உயரத்திலோ அதற்கு மேலோ. ஒன்றை வாங்கிவிட்டு இரண்டும் இருப்பதாக நம்பிவிடக் கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் பொதுவாக ஏழு முதல் பத்து ஆண்டுகளில் ஆயுள் முடிந்துவிடும். பேட்டரியும் தீரும். நெருப்பை அறைக்கு வெளியே வைத்த பிறகு, மிச்சமிருக்கும் ஆபத்துக்கு அது காவல்; நெருப்பை உள்ளே வைத்துக்கொள்ள அனுமதிச் சீட்டு அல்ல.

நேபாளக் குளிர் நம்மூரில் இல்லை என்று ஆறுதல் கொள்ள இடமில்லை. 2024 ஆகஸ்ட்டில் கொடைக்கானலில் ஒரு விடுதியில், கரி போட்ட பார்பிக்யூ அடுப்பை அணையாமல் அறைக்குள் வைத்துத் தூங்கிய நண்பர்களில் இருவர் இறந்தார்கள். கரியானாலும் கேஸானாலும் கொல்லும் வாயு ஒன்றே. மலையூர்களில் விடுதிக்கு உரிமம் தரும்போது தீயணைப்புக் கருவி இருக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், கணப்பும் கீசரும் எங்கே எரிகின்றன, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

ஒரே அறையில் தங்கிய இருவருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் உணவை மட்டும் சந்தேகிக்கக் கூடாது. உடனே எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 108ஐ அழைக்க வேண்டும். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய விரல்நுனி ஆக்ஸிமீட்டர் இங்கே ஏமாற்றும்: கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் நிறைந்ததாக எண்ணி 98 என்று காட்டும். மாஸ்க் வழியே தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் ரத்தத்தில் நஞ்சு பாதியாகும். சாதாரணக் காற்றில் அதற்கு நான்கைந்து மணி நேரம் ஆகும். எனவே அறையில் என்ன எரிந்தது என்பதை ஆம்புலன்ஸில் ஏறும்போதே சொல்லிவிட வேண்டும்.