அணைய மறுக்கும் சிறு விளக்கு

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குக் காரில் போகிறவர்கள், கோமுகி அணையைத் தாண்டியதும் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். சாலை வளைந்து வளைந்து ஏறத் தொடங்கிவிடும். ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். வெள்ளிமலையிலிருந்து இறங்கி வருவது பஸ்ஸா, மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரியா என்பது திருப்பத்தில் முகத்துக்கு நேரே வந்த பிறகுதான் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில், ஓட்டுகிறவரின் கண்ணெதிரே ஒரு சின்னஞ்சிறு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தால்?

உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன். அவன் மார்புக்கு முன்னால் ஓர் உருண்டை. ஏர்பேக் என்னும் காற்றுப் பைக்கு உரிய விளக்கு அது.

“வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது!” என்று பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. உண்மைதான், வண்டி நன்றாகவே ஓடும். வேறு கோளாறு என்றால் வண்டி இழுக்காது, சத்தம் போடும், புகை விடும். இந்தக் கோளாறு மட்டும் மோதும் கணம் வரையில் வாயைத் திறக்காது. விளக்கு எரிகிறதென்றால், காற்றுப் பைகளை ஆளும் மின்னணுப் பெட்டி எங்கோ ஒரு குறையைக் கண்டுவிட்டது என்று பொருள். பைகள் விரியும், சீட் பெல்ட் தானே இறுகும் என்ற நிச்சயம் அந்த நிமிஷமே போய்விடுகிறது.

இந்தப் பை பிறந்த கதையே ஒரு சாலையில்தான் தொடங்குகிறது. 1952-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஜான் ஹெட்ரிக் என்பவர் மனைவியுடனும் மகளுடனும் காரில் போய்க்கொண்டிருந்தார். திடீரென்று எதிரே ஒரு பாறை. வண்டியைத் திருப்பினார், அது பள்ளத்தில் இறங்கிற்று. அந்தக் கணத்தில் கணவன், மனைவி இருவரின் கைகளும் நடுவிலிருந்த குழந்தையைக் காக்கத் தாமாகவே நீண்டன. கை செய்கிற வேலையை ஒரு யந்திரம் செய்யலாகாதா என்று யோசித்த ஹெட்ரிக், 1953 ஆகஸ்டில் பேட்டன்ட் உரிமை பெற்றார். கார்க் கம்பெனிகள் பல ஆண்டுகள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கு ஒரு பை கட்டாயமாயிற்று. பக்கத்து இருக்கைக்கான விதி 2021-இல் வந்தது.

விரிவதற்குப் பைக்கு வேண்டிய நேரம் எவ்வளவு? ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் சுமார் 30 கூறு! கண்ணை இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். டாஷ்போர்டின் மேல் பிள்ளையாரை ஒட்டி வைத்திருப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். பை பிய்த்துக்கொண்டு வெளிவரும் மூடியின்மேல் சிலை இருந்தால், அது கல்லைப் போல் பறந்து வந்து உட்கார்ந்திருப்பவர் முகத்தில் அடிக்கும்.

குற்றவாளி சீட்டுக்கு அடியில்

சாவியைத் திருப்பியதும் விளக்கு சில விநாடிகள் எரிந்து, பிறகு அணைய வேண்டும். இதுவே ஆரோக்கியத்தின் அடையாளம். அணையாவிட்டால், வீட்டில் முதலில் பார்க்க வேண்டிய இடம் முன் இருக்கைகளின் அடிப்பக்கம். அங்கே மஞ்சள் நிறத்தில் கனெக்டர் ஒன்று தென்படும். காற்றுப் பைக் கம்பிகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட நிறம் மஞ்சள். அந்தக் கம்பியில் மின்தடை சுமார் 2 ஓம்தான் இருக்கும். பெட்டி அதை ஓயாமல் அளந்துகொண்டே இருக்கிறது. கனெக்டர் சற்றே தளர்ந்தாலும், முனையில் தூசியோ களிம்போ படிந்தாலும் கணக்கு உதைக்கும், விளக்கு எரியும்.

மலையிலிருந்து திரும்பும்போது புளி மூட்டையையும் தேன் பாட்டிலையும் சீட்டுக்கு அடியில் திணித்துக்கொண்டு வருகிற வழக்கம் உண்டு அல்லவா? அது போதும், கனெக்டரை நகர்த்திவிட. புது சீட் கவர் போட்ட மறுநாளே விளக்கு எரிந்தால் சந்தேகமே வேண்டாம். சீட்டைக் கழற்றி மாட்டியதில்தான் கோளாறு. கரும்பும் நெல்லும் விளைகிற இந்தப் பக்கத்தில் எலித் தொல்லையும் சாதாரணமல்ல. கொல்லையில் நிறுத்திய வண்டிக்குள் புகுந்து கம்பியைக் கடித்து வைத்துவிடும்.

தண்ணீர் இன்னொரு பகை. பெட்டி இருப்பது பெரும்பாலும் கியர் கம்பிக்கு அருகே, தரையை ஒட்டியே. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் கள்ளக்குறிச்சி மாவட்டம் வெள்ளத்தில் அவதிப்பட்டது நினைவிருக்கும். அப்படித் தண்ணீர் ஏறிய வண்டியில் மிதியடி காய்ந்துவிட்டது என்று திருப்தி அடைவது போதாது. பாட்டரி பலவீனமானாலும் இந்த விளக்கு எரிவதுண்டு.

விளக்கு எரிவதோடு ஹாரனும் அடிக்கவில்லையா? ஸ்டியரிங்கிலுள்ள பொத்தான்களும் வேலை செய்யவில்லையா? அப்படியானால் ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்பச் சுருண்டு விரியும் மின் நாடா அறுந்திருக்கக் கூடும். மெக்கானிக்குகள் இதை கிளாக் ஸ்பிரிங் என்பார்கள். கண்டுபிடிப்பதற்கு ஒரு கருவியும் வேண்டாம். மாற்றுவது மட்டும் வீட்டு வேலை அன்று.

கை வைக்கும் முன்

கனெக்டரைத் தொடுவதானால் சாவியை எடுத்துவிட்டு, பாட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். கழற்றியதும் வேலையைத் தொடங்கிவிடக் கூடாது. மோதலில் பாட்டரி நொறுங்கினாலும் பை விரிய வேண்டுமென்பதற்காகப் பெட்டிக்குள் கொஞ்சம் மின்சாரம் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. அது வடிவதற்குக் குறைந்தது 3 நிமிஷமாவது காத்திருப்பது நல்லது. வண்டியின் கைப்புத்தகம் அதற்கு மேல் சொன்னால் அதுவே கணக்கு. பிறகு கனெக்டரை அழுத்திப் பொருத்திவிட்டுக் கம்பியை மாட்டலாம். மல்டிமீட்டரைக் கொண்டு பையின் கம்பியை அளந்து பார்க்கும் துணிச்சல் மட்டும் ஒருவருக்கும் வரக் கூடாது. மீட்டரிலிருந்து போகும் சிறு மின்சாரமே பையை வெடிக்க வைக்கலாம்.

பொருத்திய பின்னும் விளக்கு எரிகிறதே என்று மனம் தளர வேண்டாம். கோளாறு தீர்ந்தாலும் பல வண்டிகளில் அதன் குறிப்பு பெட்டியின் ஞாபகத்தில் நிற்கும். ஸ்கேனரை மாட்டித்தான் அழிக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் சிறு ஸ்கேனர்கள் பல என்ஜின் கோளாறுகளை மட்டுமே படிக்கும். ஏர்பேக் பகுதியையும் படிக்குமா என்று கேட்டே வாங்க வேண்டும். மலையேறிய பிறகு மெக்கானிக்கைத் தேடுவதைவிட, கள்ளக்குறிச்சியிலேயே காட்டிவிட்டுப் புறப்படுவது உத்தமம்.

செலவுக்கு அஞ்சுகிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். தயாரிப்பிலேயே குறை இருந்தால் கம்பெனி இலவசமாக மாற்றித் தரும். 2023 ஜனவரியில் மாருதி சுசூகி நிறுவனம், காற்றுப் பையை ஆளும் பெட்டியை மாற்றுவதற்காக 17,362 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மாற்றும் வரையில் ஓட்ட வேண்டாமென்றும் கேட்டுக்கொண்டது. வண்டியின் சேஸிஸ் எண்ணைச் சொன்னால், அது அப்படிப்பட்ட பட்டியலில் உள்ளதா என்று கம்பெனியில் பார்த்துச் சொல்வார்கள்.

பழைய வண்டி வாங்குவோருக்கு

விளக்கை அணைக்கக் குறுக்கு வழிகளும் உண்டு. பல்பைப் பிடுங்கிவிடுவார்கள். பைக்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரை வைத்துப் பெட்டியை ஏமாற்றுவார்கள். சிலர் அந்த விளக்கின் கம்பியை ஆயில் விளக்கின் கம்பியோடு முறுக்கிவிடுகிறார்கள். சாவி போட்டதும் இரண்டும் எரியும், என்ஜின் ஓடியதும் இரண்டும் அணையும்; வாங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது.

சாவியைத் திருப்பி, என்ஜினை ஓடவிடாமல் சற்றுப் பொறுத்துப் பார்த்தால் இந்தக் கடைசிக் குட்டு வெளிப்பட்டுவிடும். உண்மையான ஏர்பேக் விளக்கு சில விநாடிகளில் தானாகவே அணையும். ஆயில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். இரண்டும் என்ஜினுக்காகக் காத்திருந்தால், விலை பேசுவதை நிறுத்திவிட்டு ஸ்கேனருள்ள மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோகச் சொல்லலாம். விளக்கு எரியவே இல்லை என்றாலும் அதே யோசனைதான்.