பின்கடையில் ஒரு ஷேப்பர்: வாங்கும் முன்பும் ஓட்டும் முன்பும்

கலவானையில் ஹாட்வெயார் கடை நடத்தும் ஒரு தம்பி சென்ற மாதம் என் கடைக்கு வந்திருந்தார். "நானா, பழைய ஷேப்பர் ஒன்று விலைக்கு வருகுது. பத்து அங்குல மெஷின். எடுக்கலாமா?" என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தைக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு மணி நேரம் பிடித்தது. அவரிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

ஷேப்பர் என்றால் என்னவென்று தெரியாத வாசகர்களுக்காக இரண்டு வரி. லேத்தில் வேலைத்துண்டு சுழலும், டூல் மெல்ல நகரும். ஷேப்பரில் வேலைத்துண்டு மேசையில் அசையாமல் இருக்கும், 'ரேம்' என்ற நீண்ட இரும்புக் கை டூலைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் போய்வரும். முன்னே போகும்போது சீவும், திரும்பும்போது சும்மா வரும். 1836இல் ஜேம்ஸ் நாஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் உருவாக்கிய வேலைமுறை இது. மில்லிங் மெஷின் பரவிய பின்னர் பெரிய தொழிற்சாலைகள் இதை ஒதுக்கிவிட்டன. நம் பக்கம் வரும் மெஷின்களில் சில பழைய ஆங்கிலேயத் தயாரிப்பு, சில பஞ்சாபின் பட்டாலாவில் செய்தவை.

நிவித்திகலையில் இதற்கு என்ன வேலை? இறப்பர் சீட் அடிக்கும் ரோலரின் பல்லுச் சக்கரம், தேயிலைத் தொழிற்சாலையின் காற்றாடித் தண்டு, மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைக்கும் பம்பின் புலி. இவை எல்லாவற்றிலும் 'கீ' என்ற சிறு ஆப்பு தேய்ந்தால் தண்டு தனியாகவும் சக்கரம் தனியாகவும் சுற்றும். புதிதாகக் கீ வழி வெட்ட வேண்டும். உளியாலும் அரத்தாலும் நல்ல பாஸ் ஒருவருக்கு அரை நாள் வேலை. ஷேப்பரில் ஒழுங்காகப் பூட்டினால் ஒரு மணி நேரம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய மாதங்களில் புதுச் சாமான் வாங்க முடியாமல் பழையதைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களை மறக்க மாட்டேன். என் ஷேப்பர் தன் விலையை மீட்டது அப்போதுதான்.

அதுவரைக்கும் அது எனக்கு நட்டம். காரணம் மெஷின் அல்ல, நான். வாங்கும்போது பெயின்ட்டைப் பார்த்தேன், மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டேன், பக்க மூடியைக் கழற்றவில்லை. உள்ளே பெரிய பல்லுச் சக்கரமும், அதிலிருந்து ரேமை ஆட்டும் கையும், அந்தக் கையின் துளைக்குள் ஏறி இறங்கும் வழுக்குக் கட்டையும் இருக்கின்றன. கட்டை தேய்ந்திருந்தால் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கின் முடிவிலும் 'டக்' என்று அடிக்கும். என்னுடையது அடித்தது. புதுக் கட்டை செய்து போட இரண்டு மாதம் போனது. வாங்கப் போகிறவர் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும், ரேமைக் கையால் பிடித்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டிப் பார்க்க வேண்டும். சிறு ஆட்டம் என்றால் 'கிப்' துண்டை இறுக்கிச் சரிசெய்யலாம். நடுவில் தளர்வாகவும் இரண்டு முனையில் இறுக்கமாகவும் ஓடினால் வழித்தடமே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். விட்டுவிடுங்கள்.

கரண்ட் விஷயத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய மெஷின்கள் பல மூன்று பேஸ் மோட்டாரோடு வருகின்றன. கடையில் ஒரு பேஸ்தான் என்றால் மோட்டாரை மாற்ற வேண்டும். சிறிய ஷேப்பருக்கு ஒரு குதிரை வலு போதும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

இனிப் பூட்டும் இடம். ரேம் ஒவ்வொரு தடவையும் திசை மாறுவதால் மெஷின் முழுவதும் உதறும். கொங்கிறீட் போட்டு, நீர்மட்டம் பார்த்து, போல்ட் அடித்து இறுக்க வேண்டும். களு கங்கை ஓரத்துக் கடைக்காரர்கள் 2003 மே வெள்ளத்தையும் 2017 மே வெள்ளத்தையும் நினைத்துக்கொண்டு மேடையை உயர்த்திக் கட்டுவது நல்லது.

பின்பக்க இடைவெளியைப் பற்றி எவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ரேம் முன்னே மட்டும் வருவதில்லை, பின்னாலும் நீளும். நான் சுவரை ஒட்டிப் பூட்டியிருந்தேன். ஒரு நாள் உதவிக்கு நின்ற பையன் விழுந்த நட்டை எடுக்க மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே குனிந்தான். பாஸ் கண்டு சுவிட்சை அடித்தார். "முதலாளி, இன்னும் ஒரு சாண் என்றால் பையனின் தலை" என்றார். அன்றைக்கே மெஷினை இழுத்து நடுவில் வைத்து, பின்பக்கம் கம்பி அடைப்புப் போட்டோம். அந்தப் பையனுக்கு இப்போது சொந்த லேத் இருக்கிறது. எனக்கு மட்டும் அந்த இடத்தைக் காணும்போது இன்னும் வயிறு கலங்கும்.

ஓட்டும் முறைக்கு வருவோம். ஸ்ட்ரோக்கில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று நீளம், மற்றது எங்கே தொடங்கி எங்கே முடிவது. புதியவர்கள் நீளத்தைச் சரிசெய்துவிட்டு இடத்தை மறந்துவிடுவார்கள். டூல் போய் வைஸில் இடிக்கும். என் வைஸின் ஒரு தாடை அப்படித்தான் உடைந்தது. வேலைத்துண்டின் நீளத்தோடு முக்கால் அங்குலம் சேருங்கள். அரை அங்குலம் டூல் நுழையும் பக்கம், கால் அங்குலம் வெளியேறும் பக்கம். பிறகு பட்டியைக் கையால் இழுத்து ஒரு முழு ஸ்ட்ரோக் ஓட்டிப் பார்த்த பின்புதான் சுவிட்ச்.

வேகத்துக்குப் பழைய பாஸ்மார் வைத்திருக்கும் கணக்கு எளிது. சீவும் வேகத்தை அடியில் எடுத்து, ஏழால் பெருக்கி, ஸ்ட்ரோக் நீளத்தை அங்குலத்தில் வைத்து வகுக்க வேண்டும். மெல்லிரும்புக்கு நிமிடத்துக்கு 80 அடி என்பார்கள். ஐந்து அங்குல ஸ்ட்ரோக் என்றால் 112 தடவை வரும். வயதான மெஷினுக்கு அது அதிகம், நான் 60, 70க்கு மேல் போவதில்லை. வார்ப்பிரும்புக்கு இன்னும் குறைவு.

மேசை நகர்வது டூல் பின்னால் வரும்போது நடக்க வேண்டும், சீவும்போது அல்ல. இது தவறினால் மேற்பரப்பு வரிவரியாக வரும், டூலும் முறியும். டூலை வெளியே நீட்டாமல் குட்டையாகப் பிடிக்க வேண்டும். திரும்பும்போது டூலைத் தூக்கிவிடும் கிளாப்பர் தடையில்லாமல் ஆடுகிறதா என்று தினமும் விரலால் தூக்கிப் பாருங்கள். நம் மழைக்கு அது ஒரு வாரத்தில் துரு ஏறி ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் புலியின் துளைக்குள் கீ வழி வெட்டும்போது நிலைமை வேறு. நீண்ட கம்பியில் டூலைப் பூட்டும்போது கிளாப்பர் ஆடக்கூடாது, இறுக்கிவிட வேண்டும். இல்லையென்றால் டூல் தூக்கிக்கொண்டு போகும், வழி கோணும். அதனால் ஒரு ஸ்ட்ரோக்குக்கு மயிரளவுதான் இறக்கலாம், எண்ணெயும் விட வேண்டும். தண்டின் நடுவில் முடியும் வழி என்றால், அது முடியும் இடத்தில் முதலில் அதே ஆழத்துக்கு ஒரு துளை போட்டுவிடுங்கள். டூலுக்குப் போய் நிற்க இடம் வேண்டுமல்லவா?

அளவில் அவசரப்படக் கூடாது. 30 மில்லிமீற்றர் தண்டுக்குக் கீயின் அகலம் 8, தண்டில் ஆழம் 4, சக்கரத்தில் 3.3 மில்லிமீற்றர். தோட்டத் தொழிற்சாலைகளின் பழைய ஆங்கிலேய மெஷின்களோ அங்குலக் கணக்கு. அவற்றில் தண்டின் விட்டத்தில் கால் பங்கு அகலம் என்பது பொதுவான வழக்கம். இரண்டையும் கலந்தால் கீ ஆடும், இரண்டு வாரத்தில் வாடிக்கையாளர் திரும்பி வருவார். அந்த வேலையை நான் காசு வாங்காமல்தான் திருப்பிச் செய்து கொடுப்பேன்.

சீவலைக் கையால் தள்ளவே கூடாது. தூரிகை பக்கத்தில் தொங்கட்டும்.

தம்பியிடம் கடைசியாக ஒன்றைக் கேட்டேன்: "உங்களிடம் லேத்தும் நல்ல பாஸும் இருக்கிறதா?" லேத் இருக்கிறது, பாஸ் வாரத்தில் மூன்று நாள் வருகிறார் என்றார். அப்படியானால் எடுக்கலாம். லேத் இல்லாத இடத்தில் ஷேப்பர் மட்டும் நின்றால் அது தூசி படியும் இரும்புதான்.

நேற்று அவர் போன் பண்ணினார். பக்க மூடியைக் கழற்றச் சொன்னதும் விற்பவர் மறுத்துவிட்டாராம். இப்போது பெல்மதுளையில் இன்னொன்று பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பாஸையும் ஸ்பனரையும் கூட்டிக்கொண்டு நானும் போகிறேன்.