ரெண்டு தேதி, அரை மணி நேரம்

உணர்ச்சியை ஓரமா வெச்சாத்தான் முடிவு சரியா வரும்னு நினைக்கிறோம், இல்லையா? நரம்பியல் மருத்துவர் அன்டோனியோ டமாசியோ 1994-ல் எழுதிய புத்தகத்துல ஒரு நோயாளி வர்றார். மூளையோட முன்பகுதியில பாதிப்பு, ஆனா புத்தி தெளிவு. அடுத்து எப்போ வர்றீங்கன்னு ரெண்டு தேதி கொடுத்தா, டைரியைப் பிரிச்சு, மத்த வேலை, வானிலைன்னு கிட்டத்தட்ட அரை மணி நேரம் அலசுறார். முடிவு மட்டும் வரல. டமாசியோவே ஒரு தேதியைச் சொன்னதும், "சரி"ன்னு கிளம்பிட்டார்!

நமக்கு ரெண்டாவது நிமிஷமே 'போதும்ப்பா'ன்னு ஒரு சலிப்பு வந்திருக்கும். அவருக்கு வரல. காரணங்களை அறிவு அடுக்கும். எது முக்கியம்னு காட்டுறது உடம்புல எழுற உணர்ச்சின்னு டமாசியோ சொல்றார். (இதுல இன்னும் விவாதம் உண்டு.)

ரெண்டு ஆஃபர் லெட்டரை வெச்சுக்கிட்டு எக்ஸெல் ஷீட்ல வரிசை சேர்த்துட்டே இருக்கீங்களா? ஒண்ணுக்கு 'வேண்டாம்'னு மெயில் டைப் பண்ணுங்க. அனுப்பாதீங்க. வயித்துல என்ன ஆகுதுன்னு மட்டும் கவனிங்க.