சாந்திநிகேதன் ஓவியர்களின் பருவ விழாக்கள்

சாந்திநிகேதன் பருவ விழாக்கள், மேற்கு வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தில் போல்பூருக்கு அருகே அமைந்த சாந்திநிகேதனில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் நடந்துவரும் ஒன்றுகூடல்கள். இவற்றுக்குப் பாடல்களையும் நாடகங்களையும் எழுதியவர் ரவீந்திரநாத் தாகூர். கண்ணுக்குத் தெரியும் வடிவத்தைக் கொடுத்தவர்கள் 1919-ல் தொடங்கப்பட்ட கலாபவனின் ஓவியர்கள். நந்தலால் போஸ், சுரேந்திரநாத் கர், வினோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் ஆகியோர் அவர்களில் முதன்மையானவர்கள்.

இயற்கையை வரைந்த ஓவியக் குழுக்கள் உலகில் பல உண்டு. அவற்றில் பெரும்பாலானவை நகரத்தில் வாழ்ந்து, நல்ல வெயில் காலத்தில் காட்டுக்கோ கடற்கரைக்கோ சென்று வரைந்து திரும்பியவை. சாந்திநிகேதன் ஓவியர்கள் தாங்கள் வரைந்த இடத்திலேயே ஆண்டு முழுவதும் குடியிருந்தார்கள். அடுத்த விழாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பருவம் முடிவு செய்தது. ஓவியர்களின் வேலையும் அதன்படியே அமைந்தது.

நிலம்

தாகூரின் தந்தை தேவேந்திரநாத் 1863-ல் இங்கே 20 பிகா நிலத்தைக் குத்தகைக்குப் பெற்றபோது இது ஏறக்குறைய வெட்டவெளி. இரண்டு ஏழிலைப்பாலை மரங்களின் நிழலில் அவர் இளைப்பாறியதாகவும், அந்த அமைதியில் மனம் பறிகொடுத்து நிலத்தைப் பெற்றதாகவும் கூறப்படுகிறது. வங்காளத்தில் சாதிம் எனப்படும் அம்மரத்தின் அடி இன்றும் சாந்திநிகேதனின் புனித இடம். சுற்றிலும் இருப்பது சரளைக்கல் கலந்த செம்மண் பூமி. ஒவ்வொரு மழையிலும் இந்த மண் அரிக்கப்பட்டு ஆழமான ஓடைப்பள்ளங்களாகப் பிளக்கிறது. இப்பள்ளங்களுக்கு உள்ளூரில் கோவாய் என்று பெயர். சற்றுத் தொலைவில் கோபாய் என்னும் சிற்றாறு ஓடுகிறது.

இன்று பயணிகள் காணும் சால மரச் சாலை, மாந்தோப்பு, மகிழ மர வரிசை எல்லாம் மனிதர்கள் நட்டு வளர்த்தவை. தோட்டம் போடுவதற்கு வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவர வேண்டியிருந்தது. சாந்திநிகேதன் விழாக்கள் 'இயற்கை வழிபாடு' என்று பொதுவாகச் சொல்லப்படுகின்றன. இங்கே வழிபடப்பட்ட இயற்கையில் பெரும்பகுதி வழிபட்டவர்களே உண்டாக்கியது. இதை மறந்துவிட்டால் மரம் நடு விழாவுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்பது விளங்காது.

பருவங்களின் கணக்கும் தமிழ்நாட்டிலிருந்து வேறுபட்டது. பெரும்பொழுது ஆறு என்பது இரண்டு இடத்துக்கும் பொது. ஆனால் வங்காளத்தின் கார்காலம் ஜூன் நடுவில் தொடங்கி செப்டம்பர் வரை நீள்கிறது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் அங்கே வானம் தெளிந்து பனி இறங்கத் தொடங்கிவிடும். சித்திரை, வைகாசியில் பீர்பூமின் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அப்போது பெரும்பாலும் பள்ளி கிடையாது.

தொடக்கம்

முதல் பருவ விழாவை நடத்தியவர் தாகூர் அல்ல, அவருடைய இளைய மகன் சமீந்திரநாத். பத்து வயதுச் சிறுவனான அவன் 1907-ன் தொடக்கத்தில், வசந்த பஞ்சமி அன்று, பள்ளித் தோழர்களைச் சேர்த்துக்கொண்டு பருவங்களாக வேடமிட்டு ஒரு சிறு விழா நடத்தினான். அதே ஆண்டு நவம்பரில் வாந்திபேதி கண்டு இறந்துபோனான். அடுத்த ஆண்டில் தாகூர் 'சாரதோத்சவ்' என்னும் கூதிர்கால நாடகத்தை எழுதினார். அதன்பின் வசந்தத்துக்கு 'பால்குனி' வந்தது. மழைக்கு வர்ஷாமங்கல் என்னும் பாடல் நிகழ்ச்சி வந்தது. 1927-ல் ஆறு பருவங்களையும் இணைத்த 'நடராஜ்' வந்தது. மகனின் விளையாட்டுக்கும் தந்தையின் இந்த நீண்ட வரிசைக்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர்கள் பலவாறு பேசியிருக்கிறார்கள். காலவரிசை மட்டுமே போதிய அளவு சொல்கிறது.

பார்க்கும் பயிற்சி

நந்தலால் போஸ் கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்று, புராணக் காட்சிகளை வரைந்து பெயர் பெற்றவர். 1922-ல் கலாபவனின் பொறுப்பை ஏற்று, 1951-ல் ஓய்வு பெறும் வரை அதை நடத்தினார். சாந்திநிகேதனுக்கு வந்தபின் அவருடைய கருப்பொருள் மாறியது. பனைமரம், ஆட்டுக்குட்டி, சந்தால் பெண்கள், மழையில் நனையும் வயல் ஆகியவை தெய்வங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. கையடக்கமான அட்டைகளை எப்போதும் வைத்திருந்து, கண்ணில் பட்டதை உடனே வரைவது அவர் வழக்கம். நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் எழுதிய அஞ்சலட்டைகளிலும் நாலைந்து கோட்டில் ஒரு செடியோ ஒரு பறவையோ இருக்கும். இப்படிச் சேர்ந்த படங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன.

ஆங்கிலேயர் நடத்திய கலைப்பள்ளிகளில் மாணவர்கள் சுண்ணச் சிலைகளைப் பார்த்து வரைந்து பழகினர். கலாபவனில் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. மாணவன் வெளியே சென்று ஒரு மரத்தையோ மாட்டையோ நேரம் எடுத்துப் பார்க்க வேண்டும், அதன் வளர்ச்சியின் போக்கை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும், பிறகு நினைவிலிருந்து வரைய வேண்டும். குளிர்காலத்தில் ஆசிரியரும் மாணவரும் ராஜ்கீர் போன்ற இடங்களுக்குச் சென்று கூடாரம் அடித்துத் தங்கி வரைந்தார்கள். 1940-ல் கல்கத்தாவிலிருந்து மாணவராக வந்த சத்யஜித் ராய், நகரத்தில் வளர்ந்த தனக்கு இயற்கையையும் இந்தியக் கலையையும் காணும் கண் சாந்திநிகேதனில்தான் திறந்தது என்று பின்னாளில் பதிவுசெய்திருக்கிறார்.

வினோத் பிஹாரி முகர்ஜிக்குப் பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை, மறு கண்ணிலும் கிட்டப்பார்வை. பள்ளி மாணவராகவே இங்கு வந்த அவர், கோவாய்ப் பள்ளங்களை நீண்ட சுருள் ஓவியங்களாக வரைந்தார். 1940-ல் கலாபவன் விடுதியின் கூரை உட்புறத்தில் அவர் தீட்டிய சுவரோவியத்தில் நடுவே ஒரு குளம் இருக்கிறது. அதைச் சுற்றி நான்கு புறமும் பீர்பூம் கிராமத்தின் மரம், மாடு, மனிதர், வீடு எல்லாம் பரந்துள்ளன. அதற்கு மேல் கீழ் கிடையாது, தலையை அண்ணாந்து அறைக்குள் நடந்தபடிதான் பார்க்க வேண்டும். சாந்திநிகேதன் மண்ணைப் பற்றிய மிகச் சிறந்த ஓவியமாக இதையே சொல்லலாம்.

மழைக்காலம்: மரமும் ஏரும்

1928 ஜூலை 14 அன்று சாந்திநிகேதனில் முதல் முறையாக விருட்சரோபண விழா, அதாவது மரம் நடு விழா, நடந்தது. அலங்கரித்த பல்லக்கில் ஒரு மரக்கன்றை வைத்து, பாட்டும் நடனமுமாக ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். மண், நீர், தீ, காற்று, வானம் ஆகிய ஐம்பூதங்களாக ஐந்து பேர் வேடமிட்டு நின்றார்கள். ஒவ்வொன்றும் கன்றை வாழ்த்தியபின் அது நடப்பட்டது. மறுநாள் பக்கத்து ஸ்ரீநிகேதனில் ஹலகர்ஷணம் என்னும் ஏர் பூட்டும் விழா நடந்தது. ஸ்ரீநிகேதன் 1922-ல் லெனார்டு எல்ம்ஹர்ஸ்ட் துணையுடன் தாகூர் அமைத்த கிராமப் புனரமைப்பு நிலையம். அந்த ஏர் விழாவையே 1930-ல் நந்தலால் அங்கே சுவரோவியமாகத் தீட்டினார்.

திருமணத்தில் மணமகளுக்கு உரிய பல்லக்கு இங்கே ஓர் அடி உயரக் கன்றுக்குக் கொடுக்கப்பட்டது. அதன் அலங்காரம், வேடங்களின் நிறம், குடை, விசிறி, நடும் குழியைச் சுற்றிய தரை ஓவியம் அனைத்தும் கலாபவனின் பொறுப்பு. தாகூர் இறந்தது வங்காள ஸ்ராவண மாதம் 22-ஆம் நாள். ஆகஸ்ட் தொடக்கத்தில் வரும் அந்த நாளில்தான் இப்போது மரம் நடப்படுகிறது. அவருடைய நினைவு நாளுக்கு வேறு பெரிய சடங்கு எதுவும் வைக்கப்படவில்லை.

மழை ஓவியர்களுக்கு நெருக்கடியும் தந்தது. 1930-களில் கலாபவன் மாணவர்கள் மண்ணால் கட்டிய விடுதியான காலோ பாடி, அதாவது கறுப்பு வீடு, வெளிச்சுவர் முழுதும் புடைப்புச் சிற்பங்கள் கொண்டது. மண் கரையாமல் இருக்கத் தார் பூசியதால்தான் அந்தக் கறுப்பு. ராம்கிங்கர் 1938-ல் 'சந்தால் குடும்பம்' சிற்பத்தைத் திறந்தவெளியில் அமைத்தபோது சிமெண்டுடன் அதே ஊர்ச் சரளையைக் கலந்து அள்ளி அப்பினார். வெண்கலத்துக்குப் பணம் இல்லை. ஆனாலும் அந்தச் சொரசொரப்பு இல்லாத வெண்கலத்தில் அக்குடும்பம் இவ்வளவு இயல்பாக அந்த மண்ணில் நடந்துபோவதாகத் தோன்றியிருக்குமா என்பது ஐயமே.

ஆல்பனா

எந்தப் பருவ விழாவாக இருந்தாலும் முந்தைய நாளே வேலை தரையில் தொடங்கும். ஆல்பனா என்பது வங்காளப் பெண்கள் நோன்பு நாட்களில் அரிசிமாவுக் கரைசலால் போடும் தரை ஓவியம். நம் மாக்கோலத்தைப் போலவே கரைசலில் துணியை நனைத்து விரல் வழியே கோடு இழுக்கிறார்கள். புள்ளி வைத்துக் கணக்கிடும் முறை இல்லை, கொடியும் இலையுமாக வளர்ந்துகொண்டே போகும்.

கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த சுகுமாரி தேவி இக்கலையைக் கலாபவனில் கற்பித்தார். நந்தலாலின் மகள்கள் கௌரி பஞ்சாவும் யமுனா சென்னும் அதை விரிவாக்கினர். நோன்புக் கதைகளின் அடையாளங்கள் குறைந்து, அந்தந்தப் பருவத்தில் சாந்திநிகேதனில் பூத்த பூவும் துளிர்த்த இலையும் ஆல்பனாவில் இடம் பெற்றன. பெயர் அறியாத வீட்டுப் பெண்களின் கைவேலை ஒரு கலைப்பள்ளியின் பாடமாக ஆனது இந்த விழாக்களின் தேவையால்தான். விழா முடிந்ததும் நூறு பேரின் காலடியில் அது அழிந்துவிடும். சுவரோவியங்களைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கும் அளவுக்கு ஆல்பனாவைப் பற்றி எழுதப்படாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

கூதிரும் குளிரும்

மழை ஓய்ந்ததும் நாணல் வெள்ளையாகப் பூக்கும், பவளமல்லி உதிரும். துர்கா பூஜை விடுமுறைக்கு முன், மகாளய அமாவாசை அன்று ஆனந்த பஜார் என்னும் ஒரு நாள் சந்தை நடக்கும். மாணவர்கள் தாங்களே செய்த தின்பண்டத்தையும் கைவினைப் பொருளையும் கூவி விற்பார்கள்.

டிசம்பர் 1, 2 தேதிகளில் கலாபவன் வளாகத்தில் நந்தன் மேளா. டிசம்பர் 3 நந்தலாலின் பிறந்த நாள். 1973-ல் தொடங்கிய இம்மேளாவில் ஆசிரியரும் மாணவரும் செய்த சுடுமண் பொருட்கள், அச்சுப் படங்கள், நாட்காட்டிகள் குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன. வருமானம் மாணவர் உதவி நிதிக்குச் செல்கிறது.

அதைவிட மிகப் பழையது பௌஷ மேளா. தேவேந்திரநாத் பிரம்ம சமாஜத்தில் தீட்சை பெற்றது 1843-ல், வங்காள பௌஷ மாதம் 7-ஆம் நாள். அந்த நாளில், அதாவது டிசம்பர் 22 அல்லது 23-ல், 1894 முதல் மேளா நடக்கிறது. விடியற்காலையில் ஏழிலைப்பாலையின் அடியில் வழிபாடு. பிறகு பாவுல் பாடகர்கள், சந்தால் நடனம், மண்பானை, இரும்புச் சாமான், ஏர்க் கருவிகள் என்று ஊர்ச் சந்தையாக விரியும். ஓவியர்களுக்கு இது ஆண்டுக்கு ஒருமுறை தானாக வந்து சேரும் மாதிரிகளின் கூட்டம்.

வசந்தமும் நெரிசலும்

பங்குனியை ஒட்டிய தோல் பௌர்ணமியில், வடநாட்டில் ஹோலி விளையாடும் நாளில், வசந்தோத்சவம் நடந்துவந்தது. சாயத்தண்ணீர் கிடையாது. காலையில் மஞ்சள் உடுத்தி, தலையில் பலாசமலர் சூடி, பாடி ஆடி ஊர்வலம் வந்து, கடைசியில் உலர்ந்த வண்ணப்பொடி தூவுவதோடு முடியும். சாந்திநிகேதனில் உருவான பத்திக் துணி இந்த உடைகளில் தாராளமாகப் பயன்பட்டது. தாகூர் 1927-ல் ஜாவா சென்றபோது உடன் சென்ற சுரேந்திரநாத் கர் வழியாக அங்கு வந்த மெழுகுச் சாய முறை அது.

விழாவின் அழகே அதற்குத் தொல்லையானது. கல்கத்தாவிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம் என்பதால் வசந்தோத்சவத்துக்கும் பௌஷ மேளாவுக்கும் கூட்டம் ஆண்டுதோறும் பெருகியது. தலையில் சூடுவதற்காகப் பலாச மரங்களின் கிளைகள் ஒடிக்கப்பட்டன. மேளா மைதானத்தின் குப்பையும் புகையும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்காகச் சென்றது. பெருந்தொற்றுக் காலத்தில் நின்ற பௌஷ மேளா, சில ஆண்டு இழுபறிக்குப் பின், 2024 டிசம்பரில் விசுவபாரதியால் மீண்டும் நடத்தப்பட்டது. வசந்தோத்சவம் அண்மை ஆண்டுகளில் மாணவரும் ஆசிரியரும் மட்டும் கூடும் நிகழ்ச்சியாகச் சுருக்கப்பட்டு, ஹோலி அல்லாத வேறு நாளுக்கு மாற்றப்பட்டிருக்கிறது. உள்ளூர் வணிகர்களுக்கு இதில் வருத்தம், பழைய மாணவர்களில் ஒரு சாராருக்கும் வருத்தம். ஆனால் பூவைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்த விழா பூ மரத்தை முறிக்கும் விழாவாக ஆனபின் வேறு வழி எளிதாக இருந்திருக்காது.

இதே சிக்கல் கோவாய்ச் சந்தையிலும் உண்டு. நந்தலாலின் மாணவரான சுதிர் காஸ்த்கிரின் மகள், ஓவியர் சியாமளி காஸ்த்கிர், 2000-களின் தொடக்கத்தில் சோனாஜுரி மரங்களுக்கிடையே சனிக்கிழமைதோறும் ஒரு சிறு சந்தையைத் தொடங்கினார். சுற்றுக் கிராமத்தார் வீட்டில் செய்த பொருளைத் தரையில் விரித்து விற்று, இருட்டும் முன் கலைந்துவிடுவார்கள். இப்போது அது ஒரு பெரிய கடைத்தொகுதி. கார்கள் கோவாய்ப் பள்ளத்தின் விளிம்பு வரை வந்து நிற்கின்றன.

2023 செப்டம்பரில் யுனெஸ்கோ சாந்திநிகேதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதன்பின் வருகையாளர் இன்னும் கூடியிருக்கிறார்கள். விழாக்களில் மிகக் குறைந்த கூட்டம் வருவது ஆகஸ்டில் நடக்கும் மரம் நடு விழாவுக்கு. சேறும் புழுக்கமும் நிறைந்த அந்த நாளில், இன்றும் கலாபவன் மாணவர்கள் பல்லக்கை அலங்கரிக்கிறார்கள், குழியைச் சுற்றி ஆல்பனா போடுகிறார்கள். பெரும்பாலும் மழை வந்து கோலத்தைப் பாதியிலேயே கலைத்துவிடுகிறது.