எதில் பாதி?

அரைக்கால் என்பது காலில் பாதி, அதாவது 1/8. அதிலும் பாதி வீசம், 1/16. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் 1/320 ஆகிய முந்திரி வரை மனப்பாடமாகச் சொன்னார்கள். அன்றாட வாழ்வில் தடுமாற்றம் வருவது பங்கைச் சொல்வதில் அல்ல. அது எந்த முழுமையின் பங்கு என்பதை மறந்துவிடுவதில்தான்.

இட்லிக்கு நான்கு ஆழாக்கு அரிசி என்றால் உளுந்து ஒரு ஆழாக்கு. உளுந்து அரிசியில் கால் பங்கு. ஊறப்போட்ட மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மூன்று ஆழாக்கு அரிசிக்கு முக்கால் ஆழாக்கு உளுந்து போதும். கணக்குப் பிசகினாலும் இட்லி கொஞ்சம் கல்லாகும், அவ்வளவுதான்.

உப்புச் சர்க்கரைக் கரைசலில் அப்படி விட முடியாது. கடையில் விற்கும் ஓஆர்எஸ் பொட்டலம் பெரும்பாலும் 1 லிட்டர் தண்ணீருக்கானது. அதை அரை லிட்டரில் கொட்டினால் உப்பின் செறிவு இரட்டிப்பாகும். வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைக்கு அது கேடு. பொட்டலத்தைக் கண்ணளவில் பாதியாகப் பிரிப்பதும் சரியல்ல, தூள் சமமாகப் பிரியாது. முழு லிட்டராகக் கலக்கி, 24 மணி நேரத்துக்குள் தேவையானதைக் கொடுத்து, மீதியைக் கொட்டிவிடலாம். பொட்டலம் கிடைக்காதபோது, 1 லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அரை லிட்டர் என்றால் 3 தேக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு.

சமையல் உப்பிலும் இதே கதைதான். பெரியவர்களுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிக்குள், என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு நாள் முழுவதற்கும். ஊறுகாயும் அப்பளமும் அதற்குள் அடக்கம். சர்க்கரை நோயாளிகளுக்குச் சொல்லப்படும் தட்டுக் கணக்கில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ நாமக்கல் முட்டையோ. இது எடைக் கணக்கல்ல, தட்டில் பிடிக்கும் இடம். தலைவாழை இலையில் கால் பங்கு சோறு போட்டால் கணக்கே கவிழ்ந்துவிடும்.

மாத்திரையைப் பாதியாக உடைக்க, நடுவில் கோடு இருக்கிறதா என்று பார்ப்பது முதல் படி; மருந்தாளரைக் கேட்பது அடுத்தது. மெல்ல மெல்லக் கரையும்படி செய்த மாத்திரைகளை உடைத்தால் நாள் முழுதுக்குமான மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடக்கூடும்.

உடற்பயிற்சிக்கு வாரம் 150 நிமிட மிதமான உழைப்பு என்பது குறைந்தபட்ச அளவு. நாளுக்கு 30 நிமிடம் என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்கு. திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குச் சுமார் 1200 படிகள். புதிதாக ஏறுபவர் முதல் வாரம் கால் பங்கு, 300 படிகளோடு திரும்பலாம். அர்த்தநாரீசுவரர் சந்நிதியை எட்டியவர் முழுதும் முடித்ததாக நினைப்பார், கடந்தது பாதிதான். முழங்காலுக்குச் சுமை கூடுவது இறங்கும் மறுபாதியில்.