அயர்லாந்தில் ஹாலோவீன்: பிள்ளைகளோடு எங்கே போகலாம்?

அக்டோபர் கடைசி வாரம் அயர்லாந்தில் பள்ளிகள் கிடையாது. அந்த மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை நாடு முழுக்கப் பொது விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு அதிகாலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். அதனால் மாத முடிவில் டப்ளினில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும். வெளியே பத்து டிகிரி குளிர், கூடவே தூறல். வீட்டில் பிள்ளைகள் சும்மா இருக்க மாட்டார்கள். இந்த ஒரு வாரத்துக்கென்றே பண்ணைகள், கோட்டைகள், அருங்காட்சியகங்கள், பூங்காக்கள் எல்லாம் ஹாலோவீன் வேடம் போட்டுக்கொள்கின்றன. எதற்குப் போவது, எதை விடுவது என்பதுதான் பெற்றோரின் திண்டாட்டம்.

ஹாலோவீனை அமெரிக்கப் பண்டிகை என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதன் வேர் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இருக்கிறது. பழைய கேலிக் மக்களுக்கு அறுவடை முடிந்து, மேய்ச்சலுக்கு விட்ட மாடுகளைக் கீழே ஓட்டி வந்து, குளிர்காலத்துக்குள் நுழையும் நாள் சௌவின். அவர்களுக்கு நாள் என்பது சூரியன் மறையும்போது தொடங்கும். எனவே நவம்பர் 1ஆம் தேதிக்குரிய விழா அக்டோபர் 31 மாலையிலேயே ஆரம்பித்துவிடும். அன்றிரவு இறந்தவர்களும் மறுவுலகத்து உருவங்களும் இந்தப் பக்கம் வந்து போவார்கள் என்பது நம்பிக்கை. பின்னாளில் திருச்சபை நவம்பர் 1ஐ எல்லாப் புனிதர்களின் நாளாகவும், 2ஐ இறந்தோர் நினைவு நாளாகவும் வைத்தது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் கல்லறைத் திருநாள் என்று மெழுகுவர்த்தி ஏற்றுவதும் அந்த நவம்பர் 2ல்தான். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறிய ஐரிஷ்காரர்கள் இந்த வழக்கங்களை அமெரிக்காவுக்கு எடுத்துப் போனார்கள். அங்கே அவை பெருத்து, பளபளப்பாகித் திரும்பி வந்திருக்கின்றன.

பிளாஸ்டிக் எலும்புக்கூடும் பரங்கிக்காய்த் தோட்டமும் இன்று எந்தப் பணக்கார நாட்டிலும் கிடைக்கும். அயர்லாந்தில் இருந்துகொண்டு அதற்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு வீடு திரும்புவது வீண். இங்கே மட்டும் பார்க்கக் கூடியவை சில உண்டு. அவற்றில் பாதிக்குக் கட்டணமும் இல்லை.

முதலிடம் மீத் மாவட்டத்துக்கு. டப்ளினிலிருந்து சுமார் 45 கிலோமீட்டரில் டாரா குன்று. ஆண்டு முழுக்கத் திறந்தே கிடக்கிறது, நுழைவுக் கட்டணம் இல்லை. ஐரிஷ் மன்னர்கள் பட்டம் ஏற்ற இடம் என்று கதைகள் சொல்லும் இந்தக் குன்றில், இன்று கண்ணுக்குத் தெரிவது புல்மேடுகளும் பள்ளங்களும் ஆடுகளும்தான். பெரியவர்களுக்கு முதல் பார்வையில் ஏமாற்றமாக இருக்கலாம். பிள்ளைகளுக்கு அப்படி இல்லை, ஓடி உருள அதைவிட நல்ல இடம் கிடைக்காது. மேட்டின் மேல் லியா ஃபால் என்று ஒரு கல் நிற்கிறது. உரிய மன்னன் தொட்டால் அது அலறும் என்பது கதை. ஒவ்வொரு பிள்ளையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகரும்.

அதன் பக்கத்திலேயே பணயக்கைதிகள் மேடு என்ற கல்லறை இருக்கிறது. 5000 ஆண்டுக்கும் பழையது, எகிப்தியப் பிரமிடுகளுக்கு மூத்தது. நவம்பர் தொடக்கத்திலும் பிப்ரவரி தொடக்கத்திலும் சூரியன் உதிக்கும்போது வெளிச்சம் அதன் குறுகிய வழியாக நேரே உள்ளே போய் விழும்படி கட்டியிருக்கிறார்கள். கெல்ட்டிய மொழி பேசியவர்கள் இந்தத் தீவுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் பருவத் திருப்பத்தை யாரோ கவனித்துக் கல்லில் குறித்துவிட்டார்கள் என்று இதிலிருந்து தெரிகிறது. உள்ளே போக முடியாது, கம்பிக் கதவு வழியாகப் பார்க்கலாம். ரப்பர் பூட்ஸ் இல்லாமல் இங்கே வராதீர்கள். அக்டோபரில் இந்தக் குன்று முழுக்கச் சேறு.

டாராவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் போனால் ஆத்பாய் என்ற சிற்றூர். அதன் அருகில் வார்டு குன்று. பழைய பெயர் ட்லாக்ட்கா. சௌவின் இரவில் துருயிதுப் பூசாரிகள் இங்கே கூடித் தீ வளர்த்தார்கள் என்று 17ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி கீட்டிங் எழுதி வைத்திருக்கிறார். அவர் எழுதியது சம்பவம் நடந்து பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு என்பதால் வரிக்கு வரி நம்ப வேண்டியதில்லை. ஆனால் 2014ல் தொடங்கிய அகழாய்வுகள் இக்குன்றில் வட்ட வட்டமான பழைய அகழிகளைக் காட்டியுள்ளன. மக்கள் கூடிய இடம் என்பதில் சந்தேகமில்லை.

2019 முதல் ஆத்பாயையும் டிரிம் நகரையும் மையமாக வைத்து பூகா விழா நடக்கிறது. பூகா என்பது நினைத்த உருவம் எடுக்கும் ஐரிஷ் குட்டிச்சாத்தான். பெரும்பாலும் கறுப்புக் குதிரையாக வரும். சௌவினுக்குப் பிறகு நாவற்பழ நிறத்தில் வேலியில் தொங்கும் பிளாக்பெர்ரிகளைத் தின்னக் கூடாது, பூகா அவற்றின் மேல் எச்சில் துப்பிவிட்டது என்பார்கள் ஊர்ப் பெரியவர்கள். அந்த நேரத்தில் பழம் அழுகத் தொடங்கிவிடும், அதுதான் விஷயம். விழாவில் தீப்பந்தம், இசை, கதை சொல்லல் எல்லாம் உண்டு. சில நிகழ்ச்சிகள் இலவசம், சிலவற்றுக்குச் சீட்டு. குடும்பங்களுக்கானவை பெரும்பாலும் பகலிலும் முன்மாலையிலும் இருக்கும். இரவு இசைக் கச்சேரிகள் பெரியவர்களுக்கானவை. டிரிமுக்குப் போனால் அங்குள்ள கோட்டையை விட்டுவிடாதீர்கள். அயர்லாந்தில் நார்மானியர் கட்டியவற்றில் மிகப் பெரியது. 1995ல் வந்த பிரேவ்ஹார்ட் படத்தின் சில காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டவை. மேலே ஏறும் படிகள் செங்குத்து, இடுப்புக் குழந்தையோடு ஏறுவது சிரமம்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் இருந்தால், ரோஸ்காமன் மாவட்டத்தில் டல்ஸ்க் அருகே இருக்கும் ஓவெனகட் குகை. பூனைகளின் குகை என்று அர்த்தம். சௌவின் இரவில் மூன்று தலை அரக்கன் உட்பட அத்தனை பேயுருவங்களும் இந்த ஓட்டையிலிருந்துதான் கிளம்பி வந்தன என்கின்றன இடைக்கால ஐரிஷ் கதைகள். வாசல் ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுதான். உள்ளே வழுக்கும் களிமண், கும்மிருட்டு. டல்ஸ்கில் உள்ள ரத்குரோகன் மையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். தனியாகப் போக வேண்டாம். ஆறேழு வயதுக்குட்பட்ட பிள்ளையை அழைத்துப் போக வேண்டாம் என்பது என் கருத்து.

மழை விடாமல் பெய்யும் நாளுக்கு மேயோ மாவட்டத்தில் காசல்பார் பக்கம் டர்லோவில் உள்ள தேசிய அருங்காட்சியகக் கிளை நல்லது. நாட்டுப்புற வாழ்க்கைக்கென்றே 2001ல் திறந்தது, கட்டணமில்லை. அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் முகம், கடையில் வாங்கும் எந்த முகமூடியையும்விடப் பயங்கரமானது. டர்னிப் கிழங்கைக் குடைந்து செய்த பேய் விளக்கின் வார்ப்பு அது. பரங்கிக்காய் அமெரிக்காவில் கிடைத்தது. அதற்கு முன் அயர்லாந்தில் எல்லாரும் குடைந்தது டர்னிப்பைத்தான். டோனிகல் மாவட்டத்து ஃபின்டவுனைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் 1943ல் கொடுத்த அந்த மூலப் பொருள் சுருங்கி உதிரத் தொடங்கியதால், அதன் வார்ப்பைச் செய்து வைத்திருக்கிறார்கள். குழிவிழுந்த கண்ணும் ஒடுங்கிய வாயுமாக, நம்மூர்ப் புது வீட்டு வாசலில் தொங்கும் திருஷ்டிப் பூசணிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் போல இருக்கும். வேலையும் ஒன்றுதான், கெட்டதை வாசலோடு திருப்பி அனுப்புவது. வீட்டில் செய்து பார்க்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை: டர்னிப் மரக்கட்டை மாதிரி. குடைவது பெரியவர் வேலை.

டெர்ரி நகரத்து ஹாலோவீன் இந்தத் தீவிலேயே பெரியது. 1980களில், ஊரில் துப்பாக்கியும் குண்டும் ஓயாத காலத்திலேயே, ஒரு மதுக்கூடத்தின் மாறுவேடப் போட்டியாகத் தொடங்கி ஊர் விழாவானது. 2015ல் அமெரிக்க நாளிதழ் யூஎஸ்ஏ டுடேயின் வாசகர்கள் உலகின் சிறந்த ஹாலோவீன் தலம் என்று இதற்கு வாக்களித்தார்கள். 17ஆம் நூற்றாண்டுக் கோட்டைச் சுவர் நகரை முழுதாகச் சுற்றி நிற்கிறது, சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர். விழா நாட்களில் அதன் மேல் விளக்குக் காட்சிகளும் ஆட்டங்களும். 31ஆம் தேதி மாலை ஊர்வலம், முடிவில் ஃபாயில் ஆற்றின் மேல் வாணவேடிக்கை. தாத்தா பாட்டி வரை வேடம் போட்டுக்கொண்டு வருவார்கள். சாதாரண உடையில் போனால் நீங்கள்தான் வித்தியாசமாகத் தெரிவீர்கள். தங்குமிடங்கள் மாதக் கணக்கில் முன்பே நிரம்பிவிடும்.

ஆனால் டெர்ரி இருப்பது வட அயர்லாந்தில், அதாவது ஐக்கிய இராச்சியத்தில். எல்லையில் சாவடி இல்லை, சாலையில் போட்டிருக்கும் கோட்டின் நிறம் மாறுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. அதை நம்பிக் கிளம்பிவிடக் கூடாது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் டப்ளினில் வேலை பார்த்தாலும், ஐரிஷ் குடியிருப்பு அட்டை இருந்தாலும், டெர்ரிக்குப் போக பிரிட்டிஷ் விசா வேண்டும். பிள்ளைகளுக்கும் தனித்தனியாக வேண்டும். பேருந்துகளில் அதிகாரிகள் ஏறிப் பார்ப்பதும் உண்டு. இந்தியாவிலிருந்து சுற்றுலா விசாவில் வருபவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. விசாவில் பி.ஐ.வி.எஸ். என்று குறித்திருந்தால் ஒரே விசாவில் இரண்டு நாடுகளையும் பார்க்கலாம். விசா கொடுத்த நாட்டில் முதலில் இறங்க வேண்டும் என்பது நிபந்தனை. ஐரிஷ் குடியுரிமை பெற்றவர்களுக்கு எந்தச் சிக்கலும் இல்லை.

இனி காசு கொடுத்துப் போகும் இடங்கள். ஆஷ்போர்னில் உள்ள எமரால்டு பார்க் (2022 வரை டேய்டோ பார்க்), கிளேர் மாவட்டத்து பன்ராட்டி கோட்டை, கார்க் அருகே ஃபோட்டா விலங்குப் பூங்கா எல்லாமே இந்தப் பருவத்துக்குச் சிறப்பு நிகழ்ச்சிகள் வைப்பவை. பரங்கித் தோட்டங்களில் நுழைவுக்கு ஒரு விலை, பறிக்கும் காய்க்கு இன்னொரு விலை என்று இருக்கும். பதிவு செய்யுமுன் படித்துப் பாருங்கள். வேடமிட்ட நடிகர்கள் இருட்டில் பாய்ந்து பயமுறுத்தும் இரவு நிகழ்ச்சிகளும் சில பண்ணைகளில் உண்டு. அவற்றுக்கு வயது வரம்பு வைத்திருக்கிறார்கள், சும்மா வைக்கவில்லை. ஒரே பண்ணை பகலில் குழந்தைகளுக்கும் இரவில் பெரியவர்களுக்கும் தனித்தனியாக நடத்தும். சீட்டு வாங்கும்போது நேரத்தைப் பார்த்து வாங்குங்கள்.

31ஆம் தேதி மாலையில் எங்கும் போகாமல் உங்கள் குடியிருப்பிலேயே இருப்பதும் நல்ல திட்டம்தான். இருட்டியதும் பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாக வருவார்கள். வாசலில் விளக்கும் அலங்காரமும் உள்ள வீட்டைத் தட்டலாம், இருட்டாக உள்ள வீட்டை விட்டுவிட வேண்டும். மிட்டாய் வருவதற்கு முன்பு ஓட்டு வேர்க்கடலையும் ஆப்பிளும்தான் கொடுத்தார்கள், இன்றும் சிலர் கொடுக்கிறார்கள். கடைகளில் பார்ம்பிராக் என்ற உலர்திராட்சை ரொட்டி வந்திருக்கும். அதற்குள் ஒரு மோதிரம் ஒளித்து வைத்திருப்பார்கள். முன்பு காசு, குச்சி, பட்டாணி, கந்தல் துணியும் வைப்பார்களாம். மோதிரம் கிடைத்தால் கல்யாணம், காசு செல்வம், கந்தல் வறுமை. சின்னக் குழந்தைக்குத் துண்டு கொடுக்குமுன் மோதிரம் எங்கே என்று பார்த்துவிடுங்கள். நூலில் ஆப்பிளைக் கட்டித் தொங்கவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடிக்கும் விளையாட்டுக்குக் காசே வேண்டாம்.

தீபாவளியும் இதே வாரங்களில் வருவதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2024ல் இரண்டும் ஒரே நாளில் வந்தன. அயர்லாந்துக் குடியரசில் பட்டாசு சட்டவிரோதம். பார்ட்டி பாப்பர் போன்ற மிகச் சிறியவற்றைத் தவிர வேறெதையும் பொதுமக்கள் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. விற்பதற்காக வைத்திருந்தாலோ பொது இடத்தில் வெடித்தாலோ 10,000 யூரோ வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அன்றிரவு தெருவில் வெடிச்சத்தம் கேட்கத்தான் செய்யும். அதை வைத்து அனுமதி உண்டு என்று நினைக்காதீர்கள். டப்ளின் தீயணைப்புப் படைக்கு ஆண்டிலேயே அதிக வேலை வைக்கும் இரவு அது.

டப்ளினிலும் விழா உண்டு. டிராகுலாவை எழுதிய பிராம் ஸ்டோக்கர் 1847ல் அங்கே கிளான்டார்ஃபில் பிறந்தவர். அவர் பெயரில் அக்டோபர் விடுமுறை வாரயிறுதியில் நடக்கும் விழாவில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதியே வைப்பார்கள். ஆனால் 2024 அக்டோபர் 31 இரவில் ஓ'கானல் தெருவில் நடந்தது வேறு கதை. கால்வேயைச் சேர்ந்த மக்னாஸ் குழுவின் ஊர்வலம் வருகிறது என்று ஒரு இணையதளம் போட்டிருந்ததை நம்பி, ஆயிரக்கணக்கானவர்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு இருபுறமும் காத்து நின்றார்கள். டிராம்கள் நின்றுபோயின. கடைசியில், அப்படி ஒரு ஊர்வலமே இல்லை, கலைந்து போங்கள் என்று காவல்துறை அறிவித்தது. மக்னாஸ் உண்மையான குழு, முந்தைய ஆண்டுகளில் ஊர்வலம் நடத்தியதும் உண்மை. அறிவிப்பு மட்டும் பொய். எனவே தேதியையும் நேரத்தையும் விழாவின் சொந்தத் தளத்திலோ அந்த ஊர் நகராட்சியின் பக்கத்திலோ பார்த்த பிறகே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.